பம்பின் மேல் பழி போடாதீர்கள்!

இறுதியாண்டு, இயந்திரவியல் துறை

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு பேரவைச் செயலாளர் வகுப்புக்கு வந்தபோது, "மின்சாரக் கார், ரோபோ, செயற்கை நுண்ணறிவு, ஏதாவது லேட்டஸ்ட்டா எழுதுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். நண்பர்கள் அவற்றைப் பற்றியெல்லாம் எழுதியிருப்பார்கள்; படித்துப் பயன் பெறுங்கள். நான் எழுதப்போவது மண்ணெண்ணெய் வாடை அடிக்கும் விஷயம். மீன்பிடி வள்ளத்தின் பின்பலகையில் மாட்டியிருக்கும் அவுட்போர்டு எஞ்சினுக்கு எண்ணெய் சரியான அழுத்தத்தில் போய்ச் சேராவிட்டால், அதை நாம் எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்பதைப் பற்றி. கண்டுபிடிக்கிறோமா என்பதைப் பற்றி என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

எங்கள் ஊர் குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் இருக்கிறது. அப்பாவுக்கு ஒரு ஃபைபர் வள்ளம், அதில் 9.9 குதிரைத்திறன் கொண்ட டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் ரகம். 1980களில் இந்த எஞ்சின்கள் எங்கள் கரைகளில் பரவுவதற்கு முன்னால் பாயும் துடுப்பும்தான். தாத்தா கடைசிவரை எஞ்சினை ‘சனியன்’ என்றுதான் சொல்வார். ஆனால் அந்தச் சனியன் இல்லாமல் கடலுக்குப் போகவும் மாட்டார்!

மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். எங்களைப் போன்ற சிறு வள்ளங்களுக்குத் தடை இல்லை. சந்தைக்கு வரும் மீன் குறைந்து, கிடைக்கிற மீனுக்கு நல்ல விலை கிடைக்கிற இரண்டு மாதம் அது. கடலும் அப்போதுதான் ஆவேசமாக இருக்கும் என்பது வேறு விஷயம். என் செமஸ்டர் ஃபீஸ், அக்கா நகைக் கடனின் வட்டி, வலை வாங்கிய பாக்கி எல்லாம் அந்த இரண்டு மாதத்தை நம்பித்தான் இருக்கும். 2024 ஜூனில், சரியாக அந்த நேரம் பார்த்து எஞ்சின் மக்கர் பண்ணத் தொடங்கியது.

என்ன மக்கர்? காலையில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். பெட்ரோலில் ஜோராக ஓடும். மண்ணெண்ணெய்க்கு மாற்றி, அலையைத் தாண்டி முழு வேகம் கொடுத்துக் கொஞ்ச நேரம் போனதும், ஒரு நொடி வேகம் கூடுவது போல் ஒரு சத்தம், உடனே தொய்ந்துவிடும். த்ராட்டிலைக் குறைத்தால் சமாளித்துக்கொண்டு ஓடும். எண்ணெய் ஓஸின் நடுவில் கையால் அமுக்குவதற்கு ஒரு ரப்பர் உருண்டை இருக்குமே, பல்ப், அதை நாலு தரம் அமுக்கினால் மறுபடியும் வீறு கொண்டு எழும். கையை எடுத்தால் பழைய குருடி கதவைத் திறடி.

முதல் பழி மண்ணெண்ணெய் மேல் விழுந்தது. "எண்ணெ சரியில்ல மக்கா, தண்ணி கலந்துட்டானுவ" என்று கரையில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். மானிய எண்ணெயை ஒதுக்கி வைத்துவிட்டு வெளியில் கூடுதல் விலைக்கு வாங்கி ஊற்றினோம். மாற்றமில்லை. இரண்டாவது பழி பம்பின் மேல். டயாஃப்ரம், வால்வு, கேஸ்கெட் சேர்ந்த ஒரு கிட் வாங்கிப் போட்டோம். மாற்றமில்லை. மூன்றாவது கார்புரேட்டர். நீடில் வால்வு, ஜெட் எல்லாம் புதுசு. அதன்பின் பிளக். அதன்பின் காயில். ஒவ்வொரு பாகம் மாற்றியதும் கரையில் எஞ்சினைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஓட்டிக் காட்டுவார்கள், கும்மென்று ஓடும், காசு வாங்கிக்கொண்டு போவார்கள். மறுநாள் கடலில் அதே கதை. எல்லாம் சேர்ந்து ரூ.18,000 கரைந்தது. நாலாவது வாரம், கரை மங்கலாகத் தெரிகிற தூரத்தில் வைத்து, பிஸ்டன் சீஸ் ஆகிவிட்டது.

அப்பாவும் சித்தப்பாவும் ஐந்து மணி நேரம் நீரோட்டத்தோடு போனார்கள். செல்போனில் சிக்னல் இல்லை. ஆனி மாதக் கடல் எப்படி இருக்கும் என்று கடற்கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொன்னால் விளங்காது. பக்கத்து ஊர் வள்ளம் ஒன்று பார்த்துக் கயிறு கட்டி இழுத்து வந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த அம்மா அன்றைக்கு யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.

எண்ணெய்க் குறைச்சல் எப்படிப் பிஸ்டனைப் பிடித்தது?

இங்கேதான் நாம் வகுப்பில் படித்தது உதவ வேண்டும். ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் தனியாகக் கீழே இருக்கிறது. பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் நின்றுபோகும், அவ்வளவுதான். எங்கள் டூ-ஸ்ட்ரோக்கில் ஆயிலை எரிபொருளிலேயே கலந்துதான் ஊற்றுகிறோம். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் பேரிங்குக்கும் மசகு வந்து சேர வேறு பாதை கிடையாது. எரிபொருள் பாதி வந்தால் ஆயிலும் பாதிதான் வரும். அதோடு, காற்று அதிகமாகி எரிபொருள் குறைந்த கலவை பிஸ்டனின் தலையைக் கூடுதலாகச் சூடாக்கும். வழக்கமாக உள்ளே வந்து சூட்டை வாங்கிக்கொண்டு போகும் எரிபொருளும் குறைவு. சூடு கூடுகிறது, மசகு குறைகிறது, மேலே முழு பாரம். பிஸ்டன் பிடிக்காமல் என்ன செய்யும்? தொய்வதற்கு முன்னால் ஒரு நொடி வேகம் கூடியதே, அது எஞ்சின் போட்ட கூக்குரல். பிளக்கைக் கழற்றிய ஒவ்வொரு முறையும் அது சாம்பல் வெள்ளையாக இருந்திருக்கிறது. மண்ணெண்ணெய் எஞ்சினின் பிளக் சாதாரணமாகக் கரி பிடித்துக் கறுப்பாக இருக்கும். வெள்ளையாகிவிட்டது என்று எல்லோரும் பார்த்தோம். "பிளக் நல்லா எரிஞ்சிருக்கு" என்று சந்தோஷப்பட்டோம்!

ஆகவே எரிபொருள் வழங்கலில் வருகிற கோளாறை ‘கொஞ்சம் வேகம் குறைச்சு ஓட்டிக்கலாம்’ என்று நாள் கடத்துவது, பிஸ்டனை அடகு வைப்பதற்குச் சமம். அப்பா நாலு வாரம் அப்படித்தான் ஓட்டினார். அவருக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். டிப்ளமோ இரண்டாம் ஆண்டு முடித்தவன். அந்த நாலு வாரமும் வீட்டில்தான் இருந்தேன்.

காசில்லாச் சோதனை

ரீபோர், பிஸ்டன், ரிங் என்று இன்னொரு ரூ.14,000 செலவாகி எஞ்சின் திரும்பி வந்தது. முதல் நாளே முழு வேகத்தில் அதே தொய்வு. அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. "மக்கா, நீ இதத்தானல படிக்க? ஒண்ணு பாரேன்" என்றார். அதுவரை அவர் என்னை எஞ்சின் பக்கம் விட்டதே இல்லை. படித்துக் கம்பெனிக்குப் போகிறவன் கையில் எண்ணெய்க் கறை படக்கூடாது என்பது அவர் கொள்கை.

எனக்கு ஒரு பாகமும் மாற்றத் தோன்றவில்லை, காரணம் வாங்கக் காசில்லை. அதனால்தான் யோசிக்க முடிந்தது என்று நினைக்கிறேன். எங்கள் எஞ்சினில் பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் தனித்தனி வழி; இரண்டும் ஒரு காக்கில் வந்து சேர்ந்து, அதன்பின் பம்பு, கார்புரேட்டர் எல்லாம் பொது. (உங்கள் எஞ்சினில் காக் பம்புக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இதைச் செய்யுங்கள்.) மறுநாள் கடலில், மண்ணெண்ணெயில் தொய்ந்ததும் காக்கைப் பெட்ரோலுக்குத் திருப்பி முழு வேகம் கொடுக்கச் சொன்னேன். ஐந்து நிமிடம் தொய்வே இல்லை. திரும்ப மண்ணெண்ணெய், தொய்வு. திரும்பப் பெட்ரோல், சரி.

இதற்கு என்ன அர்த்தம்? பெட்ரோல் போகிறபோதும் அதே பம்பு, அதே கார்புரேட்டர், அதே பிளக், அதே காயில்தான் வேலை செய்கின்றன. அவை குற்றவாளிகள் என்றால் பெட்ரோலிலும் தொய்ந்திருக்க வேண்டும். ஒரு நயா பைசா செலவில்லாமல், ரூ.18,000-க்கு மாற்றிய எல்லாப் பாகங்களும் நிரபராதிகள் என்று தீர்ப்பாகிவிட்டது! மண்ணெண்ணெயையும் முன்பே மாற்றிப் பார்த்தாயிற்று. மிஞ்சியது காக்குக்கு முன்னால் இருக்கும் வழி: கேன், அதன் மூடியிலுள்ள காற்றுத் திருகு, உள்ளே எண்ணெய் உறிஞ்சும் குழாய், வடிகட்டி, ஓஸ், பல்ப், இன்னொரு துண்டு ஓஸ், எஞ்சினில் சொருகும் கனெக்டர்.

அதற்குப் பிறகுதான் கேஜ். நாகர்கோவிலில் ரூ.650-க்கு ஒரு வேக்குவம் கேஜ் வாங்கினேன். பம்புக்குள் எண்ணெய் நுழைகிற இடத்தில் ஒரு டி-ஜாயிண்ட் போட்டு அதை இணைத்தேன். கூடவே ஒரு சாண் கண்ணாடி மாதிரியான டியூப், உள்ளே காற்றுக் குமிழி வருகிறதா என்று கண்ணால் பார்ப்பதற்கு. பம்பு எண்ணெயை எவ்வளவு கஷ்டப்பட்டு இழுக்கிறது என்பதைத்தான் அந்த முள் காட்டும். வழி திறந்திருந்தால் முள் சும்மா கிடக்கும். எங்கோ அடைப்பு இருந்தால் பம்பு தம் பிடித்து இழுக்கும், முள் ஏறும். முழு வேகத்தில் ஏறக்குறைய 4 அங்குல பாதரசத்தைத் தாண்டினால் வழியில் அடைப்பு இருக்கிறது என்று கொள்ளலாம். புது எஞ்சின்கள் சிலவற்றுக்கு அதைவிடவும் குறைவாகத்தான் கையேடு அனுமதிக்கும். எங்கள் முள் மெதுவான ஓட்டத்தில் அசையவே இல்லை. முழு வேகத்தில் 3, 5, 7 என்று ஏறியது. 7-ல் எஞ்சின் தொய்ந்தது. டியூபில் குமிழி இல்லை. ஆகக் காற்றுக் கசிவு அல்ல, அடைப்பு.

கேஜைப் பல்புக்கும் கேனுக்கும் நடுவே மாற்றிப் போட்டேன். முழு வேகத்தில் 1-க்குக் கீழே! அடைப்பு பல்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள முக்கால் கை நீளத் துண்டு ஓஸில்தான் என்று ஆகிவிட்டது. வெளியே பார்த்தால் அது பளபளவென்று இருந்தது. ஊதிப் பார்த்தேன், காற்று தாராளமாகப் போனது. அப்பா கத்தியால் நெடுக்குவாக்கில் கீறினார். உள்ளே இருந்த மெல்லிய படலம் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து தொங்கியது. மெதுவாக எண்ணெய் போகிறபோது அந்தப் படலம் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். பம்பு வேகமாக இழுக்கும்போது இழுபட்டு வந்து வழியை மூடிவிடும். பல்பை அமுக்கினால் பின்னாலிருந்து வரும் அழுத்தம் அதைத் தள்ளித் திறக்கும். ஊதினாலும் அப்படியே. தொட்டியில் பாரம் இல்லாமல் ஓட்டிக் காட்டினால் ஒருநாளும் தெரியாது. புது ஓஸ், இரண்டு கிளாம்ப், எல்லாம் ரூ.900. அன்று முழு வேகத்தில் முள் 2-ல் நின்றது.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பம்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், பாவம் பார்க்கிற மாதிரி.

யார் குற்றம்?

பாகங்களை மாற்றிய மெக்கானிக் அண்ணாச்சியின் மேல் நான் பழி போடவில்லை. அவர் காது நல்ல காது. சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டரில் எரியவில்லை என்று சொல்லிவிடுவார். பின் ஏன் இப்படி? நான் பிறகு அவரிடமே கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "தம்பி, பம்பு கிட் மாத்தினேன்னு பழசக் கையில குடுத்தா காசு தருவான். ரெண்டு மணி நேரம் அளந்து பாத்தேன், ஒண்ணும் மாத்தலன்னு சொன்னா டீ வாங்கித் தருவான்."

என் கட்டுரையின் கருத்தே இதுதான் நண்பர்களே. நம் ஊரில் பாகத்துக்கு விலை உண்டு, கண்டுபிடிப்பதற்கு விலை இல்லை. டாக்டர் மருந்து எழுதாமல் அனுப்பினால் ‘என்ன டாக்டர் இவர்’ என்று முணுமுணுக்கிற நாம்தான் மெக்கானிக்கையும் அப்படிப் பழக்கியிருக்கிறோம். விளைவு? கண்டுபிடிக்கும் செலவை வள்ளக்காரர் பாகங்களின் விலையாகக் கட்டுகிறார். எங்கள் வீட்டில் அது ரூ.32,000. பங்குக்காரர்கள் எல்லோர் தலையிலும் அது விழுந்தது. எண்ணெய்ச் செலவு, ரிப்பேர் செலவு கழித்துத்தானே பங்கு!

அளப்பதற்குக் கேஜ் கூட வேண்டாம் என்கிற இடங்களும் உண்டு. அந்த ரப்பர் பல்பே பாதி டாக்டர். எஞ்சின் தொய்கிற அந்த நேரத்தில் பல்பைத் தொட்டுப் பாருங்கள். சப்பையாக உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தால் பல்புக்கு முன்னால், அதாவது கேன் பக்கம் அடைப்பு. முதலில் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா என்று பாருங்கள், அதை மறந்துவிட்டு எஞ்சினைக் கழற்றியவர்கள் எங்கள் ஊரில் உண்டு. எவ்வளவு அமுக்கினாலும் கெட்டியாகவே ஆகவில்லை என்றால் எங்கோ காற்று வாங்குகிறது, அல்லது பல்புக்குள் இருக்கும் வால்வு பிடிக்கவில்லை, அல்லது கார்புரேட்டரின் நீடில் மூடாமல் எண்ணெய் வழிகிறது. கனெக்டரில் இருக்கும் ஓ-ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் வெளியே ஒரு சொட்டுக் கூட ஒழுகாது, ஆனால் காற்று உள்ளே போகும்; இழுக்கிற பக்கத்தில் ஒழுக்கு வெளியே தெரிய வேண்டிய அவசியமில்லை என்பதை நம்மில் பலர் யோசிப்பதில்லை. எங்கள் விஷயத்தில் பல்ப் கெட்டியாக இருந்தது. "பல்ப் கல்லு மாதிரி இருக்கு, அப்ப எண்ணெ வருது" என்று முடிவு கட்டினோம். பல்ப் வரை வருகிறது என்றுதான் அதற்கு அர்த்தம்! எஞ்சின் தாகத்தில் தவிக்கும்போது பல்ப் கெட்டியாக இருக்கிறது என்றால், அதற்கு அப்பால் போகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. கையில் இருந்த சாட்சியை எதிர்க்கட்சி சாட்சியாக மாற்றிவிட்டோம்.

பம்பே கெட்டுப்போவதில்லையா? கெடும். டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸில் மாறி மாறி வரும் அழுத்தமும் உறிஞ்சலும்தான் அந்த டயாஃப்ரத்தை ஆட்டுகிறது. டயாஃப்ரம் விறைத்தால் இழுக்கும் சக்தி போய்விடும். கிழிந்தால் எண்ணெய் நேரே கிராங்க் கேஸுக்குள் ஒழுகும். பம்பு பலவீனமானால் உறிஞ்சும் பக்கத்து முள்ளும் ஏறாது, வெளியே தள்ளும் அழுத்தமும் இருக்காது. இரண்டு பக்கமும் அளந்தால் ஐந்து நிமிடத்தில் பம்பா, வழியா என்று தெரிந்துவிடும். பம்பை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை, விசாரணை இல்லாமல் தூக்கில் போடாதீர்கள் என்கிறேன்.

வரப்போகும் எஞ்சின்கள்

"இதெல்லாம் பழைய எஞ்சின் கதை, இனி எல்லாம் ஃபோர்-ஸ்ட்ரோக், இன்ஜெக்ஷன்" என்று என் பெஞ்ச் நண்பன் சொன்னான். சரிதான், ஆனால் அங்கே நம் பழக்கம் இன்னும் ஆபத்து. அந்த எஞ்சின்களில் இரண்டு அடுக்கு. ஒரு குறைந்த அழுத்தப் பம்பு கேனிலிருந்து எண்ணெயை இழுத்து ஒரு சின்னத் தொட்டியில் நிரப்புகிறது. பெட்ரோல் ஆவியைப் பிரிக்கும் தொட்டி அது. கையேட்டில் வேப்பர் செப்பரேட்டர் என்று இருக்கும். அதற்குள் இருக்கும் மின்சாரப் பம்பு உயர்ந்த அழுத்தத்தில் இன்ஜெக்டருக்குத் தள்ளுகிறது. முதல் பம்பு தருவது ஒற்றை இலக்க பி.எஸ்.ஐ.; இரண்டாவது பம்பு தருவது பெரும்பாலான எஞ்சின்களில் 36 முதல் 44 பி.எஸ்.ஐ. வரை. உங்கள் எஞ்சினுக்கு எது சரியான எண் என்பதை அதன் கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.

முழு வேகத்தில் அழுத்தம் விழுகிறது என்றால் எல்லோரும் விலை உயர்ந்த அந்த இரண்டாவது பம்பைத்தான் சந்தேகப்படுகிறார்கள். ஆனால் தொட்டிக்கு எண்ணெயே வந்து சேராவிட்டால் அது எதைத் தள்ளும்? கேஜை மாட்டி, கடலில் பாரத்தோடு ஓட்டி, அழுத்தம் விழுகிற நேரத்தில் ஒருவர் ரப்பர் பல்பை அமுக்கட்டும். முள் ஏறினால் குறை முன்பக்கத்தில், அதாவது மறுபடியும் அந்த ஓஸ், கனெக்டர், வடிகட்டி, முதல் பம்பு. ஏறாவிட்டால் பின்பக்கம். எஞ்சினை நிறுத்திய பின் முள் சட்டென்று இறங்கினால் எங்கோ வால்வோ ரெகுலேட்டரோ இன்ஜெக்டரோ பிடிக்கவில்லை. இன்னொன்று: மின்சாரப் பம்பின் வேகம் அதற்குக் கிடைக்கும் வோல்ட்டைப் பொறுத்தது. பேட்டரி முனையில் உப்புப் பூத்திருந்தால் அது எரிபொருள் அழுத்தக் குறைவாக வேஷம் போட்டு வரும். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் பம்பை வாங்கினால், புதுப் பம்பும் அதே மாதிரி இளைத்துத்தான் ஓடும்.

இந்த ரகத்தில் கை வைக்கும்போது ஜாக்கிரதை. உள்ளே அழுத்தத்தில் பெட்ரோல் நிற்கிறது; திறந்தால் பீச்சி அடிக்கும். அழுத்தத்தை இறக்கிவிட்டு, துணியைச் சுற்றிக்கொண்டுதான் கழற்ற வேண்டும். பக்கத்தில் பீடி குடித்துக்கொண்டு நிற்கும் பெரியவர்களை மரியாதையாக அப்புறப்படுத்துங்கள். எந்த எஞ்சினையும் தண்ணீர் இல்லாமல் உலர ஓட்டாதீர்கள், தண்ணீர்ப் பம்பின் ரப்பர் கருகிவிடும்.

ஓஸ் விஷயத்தில் இனி கூடுதல் கவனம் வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2023-ல் விற்பனைக்கு வந்தது. 2025-ல் நாடு தழுவிய அளவில் அந்தக் கலப்பு எட்டப்பட்டது. எத்தனாலுக்கு ஏற்றதாகச் செய்யப்படாத பழைய ரப்பரை அது ஊறவைத்துக் கெடுக்கும். தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து கேனின் அடியில் தங்கும். உறிஞ்சும் குழாய் எங்கே இருக்கிறது? அடியில்தான். டூ-ஸ்ட்ரோக்கில் கலந்த ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிட, எஞ்சின் குடிப்பது ஆயில் இல்லாத அந்தக் கலவையை. கரை எப்போதும் ஈரக்காற்று, பாதி காலியான கேன் வாரக்கணக்கில் வெயிலில் கிடக்கிறது. மண்ணெண்ணெய் எஞ்சின்காரர்கள் இதில் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம், ஸ்டார்ட் பண்ணுவது பெட்ரோலில்தானே.

பேரவைக்கு ஒரு கோரிக்கை

நம் பணிமனையில் வெட்டித் திறந்து வைத்த டீசல் எஞ்சின் இருக்கிறது. பலகையில் அழகாக மாட்டிய கார் இன்ஜெக்ஷன் அமைப்பு இருக்கிறது. கடலிலிருந்து இவ்வளவு பக்கத்தில் இருக்கும் கல்லூரியில் ஓர் அவுட்போர்டு எஞ்சின் இல்லை. கேட்டால் சிலபஸில் இல்லை என்பார்கள். சிலபஸில் பிரஷர் கேஜ் இருக்கிறது, வேக்குவம் கேஜ் இருக்கிறது, இரண்டின் படத்தையும் போட்டுப் பத்து மார்க் வாங்கியிருக்கிறோம். அதைக் கொண்டுபோய் மாட்டுகிற இடம்தான் சிலபஸில் இல்லை.

"மெக்கானிக் ஆகவா டிப்ளமோ படிக்கிறோம்?" என்று சிலர் கேட்பது காதில் விழுகிறது. எனக்கும் ஒரகடத்திலோ ஓசூரிலோ கம்பெனி வேலை கிடைத்தால் போவேன். அப்பா விரும்புவதும் அதைத்தான், வேஷம் போட விரும்பவில்லை. ஆனால் அங்கே போனால் நம்மை முதலில் நிறுத்தப்போவது இதே கேள்வியின் முன்னால்தான்: மெஷின் நின்றுவிட்டது, எங்கே பார்ப்பாய்? பாகத்தை மாற்றிப் பார்க்கிறேன் சார் என்று அங்கே சொல்ல முடியுமா?

ஆகவே பேரவைக்கு என் யோசனை இது. இந்த ஆண்டு மே மாதம், மேற்குக் கரையில் தடைக்காலம் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு சனிக்கிழமைகளில், விருப்பமுள்ள மாணவர்கள் கடற்கரைக்குப் போவோம். இரண்டு வேக்குவம் கேஜ், ஒரு பிரஷர் கேஜ், நாலைந்து டி-ஜாயிண்ட், இரண்டு மீட்டர் கண்ணாடி டியூப், ஒரு நோட்டுப் புத்தகம். பாகம் எதுவும் மாற்ற மாட்டோம், விற்க மாட்டோம். வள்ளத்தில் ஏறி, கடலில் முழு வேகத்தில் ஓட்டி, நன்றாக ஓடுகிற எஞ்சினுக்கு முள் எங்கே நிற்கிறது என்று அளந்து எழுதிக் கொடுப்போம். நோய் வந்தபின் அளக்கிற எண்ணைவிட, நல்லா இருக்கும்போது அளந்த எண்தான் பிறகு உதவும். ஒரு எஞ்சினுக்கு ஐம்பது ரூபாய் வாங்குவோம். இலவசமாகச் செய்யலாமே என்று சில நண்பர்கள் சொன்னார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அளப்பதற்குக் காசு கொடுக்கும் பழக்கம் எங்கிருந்தாவது ஆரம்பிக்க வேண்டும். மெக்கானிக் அண்ணாச்சியையும் கூப்பிட்டிருக்கிறேன். வருகிறேன் என்றிருக்கிறார், கேஜை அவரே வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார். கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து, பேரவை முடிவு செய்யட்டும்.

எங்கள் வள்ளத்தின் பின்பலகையில் அப்பா மார்க்கர் பேனாவால் ‘ஃபுல்லுக்கு 2’ என்று எழுதி வைத்திருக்கிறார். வெட்டிய பழைய ஓஸ் துண்டு என் பையில் இருக்கிறது. பார்க்க வேண்டும் என்கிறவர்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மெக்கானிக்கல் பிளாக் மாடிப்படிப் பக்கம் வரலாம். வாடை கொஞ்சம் அடிக்கும்.